பின்சந்தில் இல்லாத கேபிள்

எங்கள் அவசர அழைப்பு மையத்தில் நெட்வொர்க் பிரிவை யாரும் நினைத்துக்கொள்ளாத நாள்தான் நல்ல நாள். எங்கள் பேச்சு கூடத்தில் அடிபட்டால் எங்கோ எதுவோ அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்பது வருடங்கள் நான் பெரும்பாலும் மறக்கப்பட்டவளாகவே இருந்தேன். அதில் எனக்கு வெளியே சொல்லாத ஒரு கர்வம் இருந்தது.

கூடத்தில் இருபத்து நான்கு நாற்காலிகள். மூச்சு முட்டுகிறவர்கள், வண்டி மோதிக் கிடப்பவர்கள், பிரசவ வலி எடுத்தவர்கள், அவர்களுக்காகப் பதறுகிறவர்கள் எல்லோருடைய குரலும் அங்கேதான் வந்து விழும். காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பவர்கள் முகவரி கேட்டு ஆம்புலன்ஸ் அனுப்புவார்கள். குரல் வந்து சேருகிற வழி என் பொறுப்பு. புதிதாக வருகிற அதிகாரிகள் முதலில் ஸ்பீடு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். ஒரு குரலுக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. அது சீராக வர வேண்டும். நடுவில் இரண்டு துண்டு தொலைந்தாலும் பாதி முகவரி காணாமல் போகும்; அழுகிறவரை இன்னொரு முறை சொல்லச் சொல்ல வேண்டியிருக்கும்.

அதையும்விட முக்கியமானது, ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி இருப்பது. அந்த இரண்டு வழிகளுக்கும் பொதுவாக எதுவும் இருக்கக் கூடாது. ஒரே கருவிப் பெட்டி கூடாது, ஒரே மின் இணைப்பு கூடாது, ஒரே தெரு கூடாது. எங்கேயோ பத்தடி தூரம் இரண்டும் ஒன்றாகக் கிடந்தால், அந்தப் பத்தடியில் விழுகிற அடி இரண்டையும் கொண்டுபோய்விடும்.

மையத்தை இந்தப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியபோது அப்படித்தான் வரைபடத்தில் இரண்டு கோடுகள் போட்டேன். மஞ்சள் உறை போட்ட ஃபைபர் கேபிள் முன்சாலைக்கு அடியில் வந்து முன்கேட் வழியாக நுழையும். நீல உறை போட்டது வேறொரு சாலையிலிருந்து பிரிந்து, மர அறுவை மில்லை ஒட்டிய பின்சந்து வழியாகச் சுற்றி வந்து, பின்சுவரில் ஏறும். மூன்றாவதாக வானலை இணைப்பு ஒன்றும் கேட்டிருந்தேன். இரண்டு பாதை இருக்கும்போது மூன்றாவது எதற்கு என்ற குறிப்போடு கோப்பு திரும்பி வந்தது. அதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் பட்டது.

கேபிள் பதித்தது என் கணவன். தனியாகக் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன். பழைய கட்டடத்தில் ஒரு பழுதுக்காக வந்தபோது, இடுப்பளவு குழிக்குள் நின்றபடி என் வரைபடத்தில் ஒரு தப்பைச் சுட்டிக்காட்டினான். அப்படித்தான் பழக்கம். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் மையத்துக்கே அவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான். காவலாளியிலிருந்து இயக்குநர் வரை எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். அவனும் முறைக்குத் தகுந்தபடி, டீ வர நேரமானால் கோபித்துக்கொள்வதாக நடிப்பான்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. பதித்த குழியை மூடுவதற்கு முன் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் பதித்தவர். இன்னொருவர் பாதை நெடுக நடந்து, திறந்து கிடக்கும் குழியில் கேபிளைக் கண்ணால் பார்த்தவர். அந்த இரண்டாவது ஆள் நான். கணவன் பதிக்க மனைவி பார்ப்பது யாருக்கும் உறுத்தவில்லை. வீட்டுக்காரர் வேலை, வீட்டுக்காரி மேற்பார்வை, தப்பு நடந்தால் சோறு கிடைக்குமா என்று இயக்குநரே சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

பின்சந்தில் தோண்டுகிற வாரத்தில் எனக்குக் குடல்வால் வீங்கி அவசரமாக அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாமல் சாய்ந்திருந்தேன். அவன் படிவத்தைக் கிளிப் பலகையில் வைத்துக் கொண்டுவந்தான். திறப்பு விழாவுக்கு ஆறு நாள்தான் இருந்தது. "நீ பாத்தா நான் பாத்த மாதிரிதானே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். சொன்னபோது அது அன்பான வார்த்தையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு மாதா மாதம் சோதனை. முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. அழைப்புகள் குறைவாக வருகிற நேரம். சர்வர் அறையில் நான் மஞ்சள் கேபிளை உருவுவேன். பக்கத்தில் அவன் ஸ்டாப்வாட்சோடு நிற்பான். அவனுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் என்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் வருவதாகச் சொல்வான். திரையில் ஒரு கோடு சிவந்து, பக்கத்துக் கோட்டில் போக்குவரத்து ஏறும். அவன் "மூணு" என்பான். மூன்று வினாடி. கூடத்தில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. நான் நோட்டில் எழுதிவிட்டு மஞ்சளை மறுபடி சொருகுவேன்.

கூடத்தின் பொறுப்பாளர் ஒரு அக்கா. அவர் பேசினால் இரண்டு அறை தாண்டிக் கேட்கும். அதனால் எல்லோருக்கும் அவர் வெண்கலக்கா. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து ஒரு ஒயரைப் பிடுங்கிச் சொருகுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையா, போய் சினிமா பாருங்கள் என்று மாதம் தவறாமல் சொல்வார். நாற்பத்தாறு மாதங்கள் சொன்னார்.

நாற்பத்தேழாவது மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, முன்சாலையில் தண்ணீர்க் குழாய் மாற்ற வந்த பொக்லைன் தன் கையைத் தவறான இடத்தில் இறக்கியது.

எனக்கு முதலில் தெரிந்தது சத்தம் நின்றதுதான். என் மேசைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான். அந்தப் பக்கம் எப்போதும் ஒரு முணுமுணுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். இருபத்து நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் ஹெட்போனைக் கழற்றி, மைக்கை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள். வெண்கலக்கா எதுவும் பேசாமல் என்னைப் பார்த்தார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

மூன்று வினாடி என்று மனதுக்குள் எண்ணினேன். மூன்று போய்ப் பத்து ஆனது, முப்பது ஆனது. சர்வர் அறைக்கு ஓடினேன். மஞ்சளின் விளக்கு அணைந்திருந்தது. நீலத்தின் விளக்கும் அணைந்திருந்தது. கருவியில்தான் கோளாறு என்று நினைத்தேன். மின்சாரத்தைப் பார்த்தேன், மாற்றுக் கருவியைச் செருகினேன், கேபிள் முனையைத் துடைத்தேன். எது எதையோ சந்தேகப்பட்டேன். அந்த இரண்டு கோடுகளை மட்டும் சந்தேகப்படவில்லை. அதில் பதினோரு நிமிடம் போனது. தொலைபேசி நிறுவனத்தைக் கைபேசியில் கூப்பிட்டு, அழைப்புகளைப் பக்கத்து மாவட்ட மையத்துக்குத் திருப்பச் சொன்னேன். எழுத்தில் கேட்டார்கள். எழுதி அனுப்பினேன்.

அவனைக் கூப்பிட்டேன். லைன் போய்விட்டது, இரண்டுமே போய்விட்டது என்றேன்.

"முன்கேட் பக்கம்தானே, இதோ வந்துட்டேன்" என்றான்.

அப்போது அது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

எங்கே அறுந்திருக்கிறது என்று அளந்து சொல்கிற மீட்டரை மாட்டினேன். மஞ்சள் நூற்று நாற்பது மீட்டரில் அறுந்திருந்தது. நீலமும் நூற்று நாற்பது மீட்டர் என்றே காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து வெளியே ஓடினேன்.

முன்கேட்டில் ஒரு டாக்ஸி நின்றிருந்தது. டிரைவர் கீழே இறங்கிக் காவலாளியிடம் கத்திக்கொண்டிருந்தார். பின்சீட்டில் ஒரு அம்மாள் கண்ணாடியில் தலை சாய்த்துக் கிடந்தார், வாயோரம் நனைந்திருந்தது. எட்டு தடவை போன் அடித்தேன், உள்ளே இத்தனை பேர் உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள் என்று டிரைவர் கேட்டார். காவலாளி ஆஸ்பத்திரி இருக்கும் திசையைக் கை காட்டினார். வண்டி கிளம்பிப் போனது. அந்த அம்மாளுக்கு என்ன ஆனது என்று பிறகு விசாரித்தேன், தெரியவில்லை. அன்று கூப்பிட்ட மற்றவர்களைப் பற்றி விசாரிக்கக்கூட வழியில்லை. எங்களுக்கு வந்து சேராத அழைப்பு எங்கள் பதிவேட்டில் ஏறுவதில்லை.

குழி சாலையோரம் கிடந்தது. அவன் எனக்கு முன்பே வந்து உள்ளே இறங்கியிருந்தான். அவனுடைய ஆள் ஒருவர் மேலே நின்று ஒட்டுப்போடும் கருவியைத் திறந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். சேற்றில் நான்கு முனைகள் தெரிந்தன. இரண்டு மஞ்சள், இரண்டு நீலம்.

நீலம் அங்கே இருக்கவே கூடாது. அது இருக்க வேண்டிய இடம் கட்டடத்துக்கு அந்தப் பக்கம், மர மில் சந்தில்.

பொக்லைன் ஓட்டுநர் பயந்துபோய் என்னிடம் வந்து, "ரெண்டும் ஒரே குழாயிலதான் கிடந்துச்சு மேடம், நான் ஒரு தடவைதான் கைய வெச்சேன்" என்றார்.

நான் அவனுடைய கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவை எதையும் தேடவில்லை. நீலத்தைக் கண்டு திகைக்கவும் இல்லை. பழகிய அலமாரியில் சட்டை எடுப்பதுபோல எடுத்து, உறை உரித்து, முனை நறுக்கி, ஒட்டுக்கு நீட்டின. இரண்டு பாதையும் போய்விட்டது என்று கேள்விப்படுகிறவன், ஆளைப் பிரித்துப் பின்சந்துக்கு ஒருவரை அனுப்பியிருக்க வேண்டும். இவன் நேராக இங்கே வந்திருக்கிறான். எங்கே என்று நான் சொல்லாமலே, முன்கேட் பக்கம்தானே என்று தொலைபேசியில் அவன் சொன்னது அப்போதுதான் மனதுக்குள் இறங்கியது.

எழுபது நிமிடத்தில் மஞ்சள் உயிர் பெற்றது. தொலைபேசி நிறுவனம் அழைப்புகளைத் திருப்பி முடிப்பதற்குள் இங்கே ஒட்டு விழுந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மறுபடி முணுமுணுப்பு தொடங்கியது. நான் உள்ளே போகவில்லை. நடந்து கட்டடத்தைச் சுற்றிப் பின்சந்துக்குப் போனேன். நான்கு வருடத்தில் அங்கே போனது அதுதான் முதல் முறை. மரத்தூள் மண்டிய தரை. மில் வாசலில் லாரி நின்றிருந்தது. கேபிள் போகிற இடத்தைக் காட்டும் கல் எதுவும் இல்லை. பின்சுவரில் துளை இருந்தது. துளையிலிருந்து ஒரு குழாய் இறங்கி மண்ணுக்குள் போனது. கையால் மண்ணைக் கிளறினேன். ஒரு முழத்தில் குழாய் முடிந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை. நான் எட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த ஒரு முழக் குழாய்.

மாலை அவன் வேனில் உட்கார்ந்து பேசினோம். உள்ளே சேறும் டீசலுமாக வாடை அடித்தது. கண்ணாடி வழியே அந்தக் குழி தெரிந்தது. அவனாகவே சொன்னான். மில்காரர் சந்தைத் தோண்ட விடவில்லை. மூன்று நாள் லாரி உள்ளே வர முடியாது என்று கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டார். திறப்பு விழா நெருங்கிவிட்டது. மஞ்சளுக்குப் போட்ட குழாயில் இடம் இருந்தது. ஒரு மாதத்தில் மாற்றிவிடலாம் என்று நினைத்து அதிலேயே நீலத்தையும் நுழைத்தான். அப்புறம் வேறு வேலை வந்தது. அப்புறம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அப்புறம் சொல்லத் தேவையில்லை என்று ஆகிவிட்டது.

"உன் டெஸ்ட்ல ஒவ்வொரு தடவையும் பாஸ் ஆச்சே" என்றான். அவன் கேலி செய்யவில்லை. அதை உண்மையாகவே ஒரு சமாதானமாகச் சொன்னான்.

பாஸ் ஆகத்தான் செய்யும். என் சோதனை சர்வர் அறையில் மஞ்சளை உருவினால் நீலம் ஏறுகிறதா என்று மட்டுமே கேட்டது. வெளியே இரண்டும் எங்கே கிடக்கின்றன என்று அது கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் நான். பதில் தெரிந்த ஒரே ஆள் பக்கத்தில் நின்று வினாடி எண்ணிக்கொண்டிருந்தான்.

குழியைக்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. அவசரத்தில் மனிதர்கள் அப்படிச் செய்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஆறு மணிக் குளிரில் கூடவே எழுந்து வந்து, நான் நோட்டில் எழுதும்போது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, திரும்பும் வழியில் டீ வாங்கிக் கொடுத்தது எல்லாமே இப்போது வேறு மாதிரி தெரிந்தது. என்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் வந்தானா, நான் வேறு எதையாவது சோதித்துவிடுவேனோ என்று வந்தானா? கேட்டேன். அவன் ஸ்டீயரிங்கில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த இரண்டு நாள் வீட்டில் நாங்கள் தட்டும் டம்ளரும் வைக்கிற சத்தத்தில்தான் பேசிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை விசாரணை என்று கடிதம் வந்திருந்தது. என்ன எழுதிக் கொடுக்கப் போகிறாய் என்று அவனைக் கேட்டேன். "நடந்ததத்தான்" என்றான். நம்பினேன். அத்தனைக்குப் பிறகும் நம்பினேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் புரியவில்லை. நம்பிக்கை என்பது ஒரு பழக்கமாகிவிட்டால் அதற்குக் காரணம் தேவைப்படுவதில்லை போலும்.

விசாரணை இயக்குநர் அறையில் நடந்தது. அவரும், தலைமையகத்திலிருந்து வந்த பொறியாளர் ஒருவரும், கூடத்தின் சார்பில் வெண்கலக்காவும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். நாங்கள் இந்தப் பக்கம், நடுவில் ஒரு காலி நாற்காலி விட்டு. அன்று யாரும் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை.

பொறியாளர் நான்கு வருடத்துக்கு முந்தைய படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். பதித்தவர் கையெழுத்தையும் பார்த்தவர் கையெழுத்தையும் பேனாவால் தொட்டுக் காட்டினார். ரெண்டு கையெழுத்து எதுக்குன்னா ஒருத்தர் விட்டத இன்னொருத்தர் பிடிக்கணும்னுதான், இங்க ரெண்டும் ஒரே வீட்டுல இருந்து வந்திருக்கு என்று தணிந்த குரலில் சொன்னார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு அவன் எழுதிக் கொடுத்திருந்த விளக்கத்தை என் பக்கம் நகர்த்தினார்கள். மில்காரர், திறப்பு விழா, குழாயில் இருந்த இடம் எல்லாம் சரியாக எழுதியிருந்தான். கடைசிப் பத்தியில் ஒரு வரி: பாதை மாற்றம் குறித்து வடிவமைப்புப் பொறுப்பாளருக்கு அப்போதே வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது.

வடிவமைப்புப் பொறுப்பாளர் நான்.

இயக்குநர் சங்கடத்தோடு விளக்கினார். எனக்குத் தெரிந்தே நடந்தது என்றால், அது எழுத்தில் பதியாமல் விட்ட நடைமுறைக் குறை. இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம், அதோடு முடிந்துவிடும். எனக்குத் தெரியாது என்றால் அவன் பொய்ச் சான்று கொடுத்தவன், உரிமம் போகும். நான் பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவள். இந்தப் பொறுப்பில் இருக்க முடியாது. காகிதத்தின் ஓரத்தில் நான் ஒப்பமிட ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தார்கள்.

அவன் பக்கம் திரும்பினேன். அவன் மேசைமேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் நினைவு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில். வலிக்குப் போட்ட ஊசியில் கண் சொக்கிக் கிடந்தேன். அவன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு ஏதோ சொன்னான். பின்பக்கம் கொஞ்சம் பிரச்சினை, நான் பார்த்துக்கறேன், நீ தூங்கு. நான் "ம்" என்றேன். அந்த ஒரு "ம்" மேல்தான் இந்த வரி நிற்கிறது. முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாதபடி, நாலு வருடம் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். ஒருவேளை அன்றைக்கே இதற்காகத்தான் சொன்னானோ? தூங்குகிறவளின் காதில் போட்டுவிட்டால் சொன்னதாகவும் ஆகும், கேட்காததாகவும் ஆகும்.

சுவரோரம் மின்விசிறி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திரும்பியது. காகித ஓரத்தில் இருந்த அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டால் நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வரலாம். வீட்டில் இரண்டு சம்பாத்தியமும் இருக்கும். அவன் ஒருபோதும் இதைப் பற்றிப் பேச மாட்டான், நானும் பேச மாட்டேன். இரண்டு பேரும் ஒரே குழாய்க்குள் கிடப்போம்.

வெண்கலக்கா முன்னால் குனிந்தார். அவர் குரல் அன்று அவருடையதாகவே இல்லை.

"உனக்குத் தெரியுமா, தெரியாதாம்மா? அத மட்டும் சொல்லு. எழுபது நிமிஷம் என் பிள்ளைங்க வெறும் காத வெச்சிக்கிட்டு உக்காந்திருந்துச்சுங்க."

"தெரியாதுக்கா" என்றேன். "பாத்தேன்னு கையெழுத்துப் போட்டேன். பாக்கல. படுத்துக்கிட்டே போட்டேன்."

பொறியாளர் எழுதிக்கொண்டார். வாய்மொழியாகச் சொன்னதாக இதில் இருக்கிறதே என்று கேட்டார். மருந்து மயக்கத்தில் கிடந்தபோது ஏதோ பிரச்சினை என்று சொன்னதாக ஞாபகம், என்ன பிரச்சினை என்று சொல்லவில்லை, நானும் பிறகு கேட்கவில்லை என்றேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைத் தாண்டி அவன் மூச்சு விடுவது கேட்டது.

முடிவுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவன் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். என்னைப் பொறுப்பிலிருந்து எடுத்து ஆவண அறைக்கு அனுப்பினார்கள். பின்சந்து வேலையை வேறொரு ஒப்பந்தக்காரரிடம் கொடுப்பது, பார்த்துக் கையெழுத்திட வெளியூரிலிருந்து ஆள் வருவது என்று எழுதினார்கள். மில்காரரோடு இயக்குநரே பேசுவதாகச் சொன்னார். நான்கு வருடத்துக்கு முன் அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். அதற்கு யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சாவிகளை ஒப்படைத்துவிட்டு நான் வீடு வந்தபோது வெயில் இன்னும் சமையலறை ஜன்னலில் இருந்தது. அவன் எனக்கு முன்பே வந்து மேசையில் உட்கார்ந்திருந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் கைகழுவி எதிரில் உட்கார்ந்தேன்.

"ஒரு வரி" என்றான். "ஒத்துக்கிட்டிருந்தா ரெண்டு பேரும் தப்பிச்சிருப்போம். உன்னக் காப்பாத்தத்தான் எழுதினேன்."

"எழுதறதுக்கு முன்னாடி என்னக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ ஒத்துக்க மாட்ட."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே கேட்டது போலிருந்தது. முகம் மாறியது. நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பான். எனக்கும் அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். வந்தது வேறு ஒன்று. அவன் செய்த வேலைகள் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தன. ரத்த வங்கிக்கு அவன்தான் பதித்தான். தண்ணீர் ஏற்று நிலையத்துக்கு அவன்தான். குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் அவன்தான். எல்லா இடத்திலும் இரண்டு பாதை. எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் மாதம் ஒரு தடவை ஒரு கேபிளை உருவிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருப்பார்.

வரைபடத் தாள் ஒன்றை எடுத்து அவன் முன்னால் விரித்தேன். பென்சிலை வைத்தேன்.

"வேற எங்கெல்லாம்?" என்றேன்.

புரியாதவன்போலப் பார்த்தான். பென்சிலை அவன் பக்கம் தள்ளினேன். மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான். இதைச் சொன்னால் உரிமம் இனி ஒருபோதும் திரும்பாது என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். திங்கட்கிழமை காலையில் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு அந்த இடங்களுக்கு நான் போவேன் என்பதும் அவனுக்குத் தெரியும்.

ஜன்னலில் இருந்த வெயில் சுவருக்கு நகர்ந்து, சுவரிலிருந்தும் போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் பென்சிலை எடுத்தான். ஏற்று நிலையத்தின் கேட்டை வரைந்தான். அதிலிருந்து ஒரு கோடு. அதன் மேலேயே, அதே தடத்தில், இன்னொரு கோடு. எத்தனை மீட்டர் என்று கேட்டேன். அறுபது இருக்கும் என்றான். பக்கத்தில் எழுதச் சொன்னேன். எழுதினான். தாளைத் திருப்பி ரத்த வங்கியின் கட்டடத்தை வரையத் தொடங்கினான். பாதியில் அவன் கை நின்றது. என் முகத்தைப் பார்க்காமல், போதுமா என்பதுபோலப் பென்சிலைக் கீழே வைக்கப் பார்த்தான்.

"அப்புறம்?" என்றேன்.